ஆறாம் தாள்

வண்ணார்பேட்டை அச்சகத்தில்
டப்பாவின் அடியில் ஒட்டிக்கிடக்கும் மையைத்தான்
எனக்கு வழித்துத் தருவார்கள்.
மஞ்சள், ஆவணி முகூர்த்தங்களில் மிஞ்சியது.
நீலம், தண்ணீர் கேன் லேபிள்.
கறுப்புக்குப் பஞ்சமே இல்லை,
கண்ணீர் அஞ்சலி தினமும் ஓடுகிறது.

இந்த மூன்று டப்பாவில்
குறுக்குத்துறை ஆறு.
ஒரே பலகை. பன்னிரண்டு தாள்.

வெள்ளைக்கு மை கிடையாது.
தண்ணீரில் வெயில் உடைகிற இடங்களை
உளி நுனியால்
நொய் நொய்யாகக் கிள்ளி எடுத்தால்
தாளே வெயில்.

மஞ்சள் பூசி, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்து
பன்னிரண்டும் ஒற்றினேன்.
துணிக் கொடியில் கிளிப் மாட்டிக் காய்ந்தன.
பிறகு, எதெல்லாம் மஞ்சளாகவே நிற்க வேண்டுமோ
அதையெல்லாம் அதே பலகையில் வெட்டி எறிந்தேன்:
மணல் திட்டு, மண்டபத்தின் வெயில் பட்ட பக்கம்,
கரையில் காயும் ஒரு சேலை.
வெட்டியது பிழைக்கும்,
விட்டுவைத்தது மூழ்கும்.

"ஒங்க கணக்கு தலகீழால்லா இருக்கு" என்றான் கொம்பையா.
தாள் கட்டை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்குவான்,
இறக்கினதும் போக மாட்டான்.

இனிமேல் பதிமூன்றாவது தாள்
யார் கேட்டாலும் இல்லை.
மஞ்சளுக்கான பலகை
சீவலாக, விளக்குமாறு முனையில்.

நீலம் விழுந்ததும்
மஞ்சளிடம் கேட்காமலே பச்சை வந்தது.
மருத மரங்கள், அவற்றின் கீழே தண்ணீர்,
எது எதன் நிழல் என்று சொல்ல முடியாத பச்சை.
ஆறாவது தாளை இறக்கும்போது கரண்ட் போனது.
நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தேன்,
அதற்குள்
மூலை ஒரு நூல் நகர்ந்துவிட்டது.

மண்டபத்துக்கு இரண்டு விளிம்பு.
இடையில் மஞ்சள் கீற்று,
கதவு சரியாகச் சாத்தாதது போல.

"கிழிச்சிராதீங்கக்கா, எனக்குத் தாங்க."
"பிசகுன தாள்லா அது."
"என் வண்டியும் பிசகித்தான் ஓடுது."

கடைசியில் கறுப்பு.
அதற்குள் பலகையில் மீந்தது
படித்துறையின் நிழல், கொக்குக்கு ஒரு கால்,
துவைக்கிறவளின் முதுகில் ஓடும் கோடு.
ஆறு எப்போதோ போய்விட்டிருந்தது.
இப்போது அந்தப் பலகைமேல்
டீ பாத்திரம் இறக்கி வைக்கிறேன்.

தாளின் கீழே பென்சிலில்
எண்ணும் பெயரும் போட வேண்டும்.
ஐந்துவரை இலக்கத்தில் போட்டவள்
அவனுடையதில் மட்டும்
'ஆறு' என்று எழுத்தில் எழுதினேன்,
இரண்டுக்குமாக.
பக்கத்தில் ஜெபக்கனி.

பத்து நாள் கழித்து வாசலில் ஹார்ன்.
பின் சீட்டுக்கு மேலே
பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தான்.
"முன்னால ஒக்காந்து கண்ணாடியப் பாருங்க.
ஆறு மாறில்லா ஓடுது. எங்கயோ தப்பு பண்ணிட்டீங்க."

ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன்.
உள்ளங்கை அகலக் கண்ணாடியில்
கொக்கு வலப்பக்கம் திரும்பி நின்றது.
மருதங்கள் இடப்பக்கம்.
இரண்டு மாதம் நான் குனிந்து கிடந்தது
இந்த ஆற்றின் மேல்தான்.
எந்தத் தாளும் இதைப் பார்த்ததில்லை.
என் கைக்குத் தெரியும்,
இந்த வளைவில் உளி வழுக்கி
கட்டைவிரலில் இரண்டு தையல்.
என் பெயரும் திரும்பிக் கிடந்தது,
நடுவில் 'ப' மட்டும்
எந்தப் பக்கமும் சாயாமல்.

தப்பில்லை கொம்பையா,
இதுதான் அந்தப் பலகை
என்று சொல்ல வாயெடுத்தேன்.

காய்கறிப் பையோடு ஒருத்தி ஏறி
ஆற்றை மறைத்து உட்கார்ந்தாள்.
"பஸ் ஸ்டாண்டு போவுமா?" என்றாள்
என்னிடம்.